பாதிக்குப் பாதி: வெள்ளிமலையில் அளந்த கஞ்சி

போன ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை கல்வராயன் மலைக்குப் போனேன். சுற்றிப்பார்க்க அல்ல. பக்கவாதத்தால் விழுங்க முடியாமல் போனவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. என்னிடம் வந்துகொண்டிருந்த பெரியசாமி என்ற லாரி ஓட்டுநர் இரண்டு மாதமாக வரவில்லை. இப்படி நோயாளியைத் தேடிப் போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சியில் காலை 7.10க்குப் பேருந்து. கச்சிராயபாளையம் தாண்டியதும் ஏற்றம், தூறல், சன்னலுக்கு வெளியே வெறும் மூட்டம். 9.15க்கு வெள்ளிமலை. அங்கிருந்து அவர் ஊருக்கு ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 250 ரூபாய். பெயரைச் சொன்னதும் ஓட்டுநர், "அவரா? எலும்பா பூட்டாருங்க" என்றார்.

உண்மைதான். கட்டிலில் பாதி ஆள்தான் இருந்தார். காய்ச்சல் வேறு. அவர் மனைவி செல்வி வடிகட்டிய சாமைக் கஞ்சியில் மோர் கலந்துகொண்டிருந்தார். இவர் போன்றவர்களுக்கு நீர்த்த எதுவும் ஆகாது. வேகமாக ஓடி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். கெட்டியை அளக்க ஒரு சிரிஞ்சு போதும். உள்தண்டை உருவிவிட்டு, நுனியை விரலால் மூடிப் பத்து மில்லி நிரப்பி, விரலை எடுக்க வேண்டும். பத்து நொடி கழித்து நான்கிலிருந்து எட்டு மில்லி மிச்சம் நின்றால் அவருக்குச் சரி.

கஞ்சி மட்டும் ஊற்றியபோது ஒன்பது நின்றது. மோர் முழுக்க ஓடிவிட்டது. பாதிக்குப் பாதி கலந்தால் நாலரை நிற்கும் என்று முன்பே செல்வியிடம் வாய்க்கணக்காகச் சொல்லி அனுப்பியவள் நான். அன்றுதான் கலவையை அளந்தேன். ஒன்றுதான் நின்றது. கலவை சராசரிக்குக் கட்டுப்படாது. நீர்த்தது தன் பங்குக்கு மேலேயே கெட்டியை இளக்கிவிடும். படித்தது எனக்கு மறந்திருந்தது.

"நீங்க சொன்ன அளவுதாங்க. ஒரு நாளும் மாத்தல," என்றார் செல்வி.

"நான் சொன்னதுதான் தப்பு."

அவர் கணவரின் வாயைத் துடைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இருமும்போதெல்லாம் நாந்தான் சரியா கலக்கலன்னு நெனச்சிக்கினு இருந்தேங்க."

நாலு பங்கு கஞ்சிக்கு ஒரு பங்கு மோர். ஆறு நின்றது. பெரியசாமி அரை டம்ளரை இருமாமல் குடித்தார். மருத்துவமனைக்கு அழைத்துப்போக அன்றே வண்டி பேசினோம். ஆனால் நுரையீரல் ஏற்கெனவே கெட்டிருந்தது. மூன்று வாரம்தான் இருந்தார்.

போகிறவர்கள் சிரிஞ்சு நாலைந்து, கைக்கடிகாரம், குடை கொண்டுபோங்கள். கஞ்சி ஆற ஆறக் கெட்டிப்படும். குடிக்கும் சூட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். அவர்கள் அடுப்பில் அளந்து பார்க்காத எந்தக் கணக்கையும் சொல்லாதீர்கள்.

செய்தி சொல்லச் செல்வியே கூப்பிட்டார். கடைசி வரை இருமல் இல்லை என்றார், என்னைத் தேற்றுவது போல.