முருங்கைத் தோட்டத்தைச் சுத்தமாக்கிய கதை

ஒரு களைகூட இல்லாத தோட்டத்தில் ஒரு காய்கூட இல்லாமல் செய்தவன் நான். பரளச்சிப் பக்கம், மளிகைக் கடை முதலாளி ஒருவரின் முருங்கைத் தோட்டத்துக்கு சூப்பர்வைசராகச் சேர்ந்த முதல் வருடச் சாதனை அது. களைக்கொல்லி அடித்தேன். பட்ட மரங்களை வெட்டிக் கொளுத்தினேன். கிளுவை வேலியைப் பிடுங்கிக் கம்பி கட்டினேன். பூ வந்ததும், புழு வருமுன்பே மருந்து தெளித்தேன். பார்க்க வந்த முதலாளி, "செருப்ப வெளிய விட்டுட்டு வரணுமோ?" என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

மரமெல்லாம் பூ. அத்தனையும் பிஞ்சு பிடிக்காமல் கொட்டியது.

"அடுத்த பூவும் இப்படிக் கொட்டுச்சுன்னா மரத்தப் பிடுங்கிட்டு பிளாட்டு போட்ருவேன். நீங்களும் வேற சோலி பாத்துக்கங்க" என்றார் முதலாளி.

பக்கத்துத் தோட்டம் முத்துலட்சுமி அக்காவுடையது. அதே ரகம், அதே உப்புத் தண்ணீர். அங்கே சடைசடையாய்க் காய்த்துத் தொங்கியது.

"என்னக்கா உரம் போடுறீங்க?"

"ஒண்ணும் போடல தம்பி. ஆட்டுக்கு ஆகும்னு களைய விட்டுவச்சேன். பட்ட மரத்த வெட்ட ஆளு வரல."

ஒரு காலையில் அங்கே உட்கார்ந்து கவனித்தேன். பட்டுப்போன முருங்கையில் சுண்டுவிரல் நுழையும் துளைகள். அவற்றிலிருந்து கருவண்டுகள் கிளம்பின. பெயர்தான் வண்டு, இனத்தில் தேனீ. ஒன்று இறங்கினால் பூங்கொத்தே தாழ்ந்தது. உடம்பில் மகரந்தம் அப்பியபடியே அடுத்த மரம். முருங்கை பூக்காத நாளில் அக்கா களையென்று விட்டுவைத்த துத்தியும் தும்பையும் ஆவாரையும் அதற்குச் சோறு போட்டன. அதட்ட ஆள் இல்லை, டீக்கு ஒதுங்குவதில்லை. இப்படி வேலை பார்க்கிற ஆளை நான் எங்கும் கண்டதில்லை. அதன் வீட்டைத்தான் கொளுத்தியிருந்தேன். சாப்பாட்டுக் கடையையும் மூடியிருந்தேன்.

அக்காவிடம் துளை விழுந்த கட்டை ரெண்டு கேட்டேன்.

"வெந்நி போடவா?"

"வண்டுக்குக்கா."

"வெயிலு தலைக்கேறிருச்சு ஒனக்கு" என்று தந்தார்.

இருட்டி, வண்டு துளைக்குள் அடைந்த நேரத்தில் கட்டைகளைத் தூக்கிவந்து நட்டேன். மறுபடி வேலிக்குக் கிளுவைப் போத்துகளை வெட்டி ஊன்றினேன். மழைக்கு முளைத்த துத்தியைத் தொடவில்லை. பூச்சமயத்தில் தெளிப்பானையும் தொடவில்லை.

அடுத்த பூவில் பிஞ்சு நின்றது. முதலாளி மேலே பிஞ்சைப் பார்த்தார். கீழே இடுப்பளவு களையைப் பார்த்தார். பிளாட்டுப் பேச்சை எடுக்காமல் கிளம்பினார்.

எதையும் பிடுங்குமுன் அதில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இந்த ஞானத்தோடு தோட்டத்து வாசலில் நிமிர்ந்து நின்றேன். திருச்சுழி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் தோட்டத்தை நோட்டம் விட்டார்.

"அண்ணே, இதப் பாத்துக்கிற ஆளே இல்ல போலருக்கே. சூப்பர்வைசர் வேல காலியா இருந்தா மொதலாளிகிட்ட எனக்குச் சொல்லுங்களேன்."