நாலாம் மாடிக்கு மாத்திரை

வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்க்கிற வேலையில் முதலில் ஏறுவது பார்க்கிறவருடைய அழுத்தம்தான். மீட்டர் ரீடிங் எடுப்பவர்கள், தபால்காரர்கள், கணக்கெடுப்புக்குப் போகிற வாத்தியார்கள், உங்களுக்கெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை. நம் எல்லோருக்கும் ஒரே முட்டி வலிதான்.

என் பெயர் கிரேஸ். பாளையங்கோட்டையில் பிறந்து, அங்கேயே படித்து, நகர சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கிறேன். ஆறு வருஷமாக எனக்கு விழுந்திருக்கிற இடம் ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. ஆற்றங்கரையில் வெள்ளம் வந்தால் முங்குகிற வீடுகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடிவைத்தார்கள். நாலு மாடி, லிஃப்ட் கிடையாது. வெள்ளம் மட்டும் இங்கே வராது. மற்றதை அங்கே இருக்கிறவர்களே சொல்லட்டும்.

சுவருக்கு எழுதிய சீட்டு

இசக்கியம்மாளின் மகள் செல்விக்கு ஐந்து வயது. பத்து நாளைக்கு ஒரு தடவை நெஞ்சு விசிலடிக்க, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். மருந்து கொடுப்போம், சரியாகிப் போவார்கள், மறுபடி வருவார்கள். நான் என் பங்குக்கு, விறகு அடுப்பா, வீட்டில் யாரும் பீடி குடிக்கிறார்களா, நாய் பூனை உண்டா என்று கேட்டு நோட்டில் எழுதுவேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்பாள்.

ஒரு நாள் வீட்டுக்கே போனேன். பிள்ளை படுக்கிற பாய்க்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சேலையைத் திரை மாதிரி தொங்கவிட்டிருந்தாள். விலக்கிப் பார்த்தால், மேல்வீட்டுக் குழாய் கசிந்து, மேலிருந்து பாய்மட்டம் வரைக்கும் சுவர் கறுத்துப் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. வருகிறவர்கள் கண்ணில் படக் கூடாதென்று மறைத்திருக்கிறாள். மூன்று தடவை மனு கொடுத்தும் யாரும் வரவில்லையாம். நான் கேள்வி கேட்ட நேரத்தில் ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம்.

டாக்டரிடம் சொன்னேன். எங்கள் டாக்டர் சின்னப் பெண், துணிச்சல் அதிகம். சீட்டில் சிரப் எழுதுகிற இடத்தில், ‘மேல்வீட்டுக் குழாயை அடைத்து, சுவரைச் சுரண்டிப் பூச வேண்டும், குழந்தையின் இளைப்புக்கு இதுவே சிகிச்சை’ என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். மூன்று மனுவுக்கு வராத ஆள் அந்த ஒரு சீட்டுக்கு வந்தார். அடுத்த மழைக்காலம் முழுக்க செல்விக்கு இரண்டே தடவைதான் இளைப்பு வந்தது. இசக்கியம்மாள் என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்: “இந்த மருந்த நீங்க மொதல்லயே எழுதியிருக்கலாம்லா, சிஸ்டர்?”

உப்பைக் குறைக்கச் சொன்னது

இரண்டாம் மாடி பேச்சியம்மாளுக்கு ரத்த அழுத்தம். வண்ணார்பேட்டையில் மூன்று வீடுகளில் வேலை பார்க்கிற மனுஷி. ஆற்றங்கரையில் இருந்தவரைக்கும் தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். குடியிருப்புக்கு வந்த புதிதில் ஆழ்குழாய்த் தண்ணீர்தான் கிடைத்தது. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது.

இது எதுவும் தெரியாமல், படம் போட்ட அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கருவாடு, ஊறுகாய், அப்பளம் என்று வரிசையாகச் சொல்லி, உப்பைக் குறைக்கும்படி பத்து நிமிஷம் பேசினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு உள்ளே போய், பேசிக் களைத்தவளுக்குக் கொடுப்பதுபோல ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு மடக்கு வாயில் வாங்கிவிட்டு, விழுங்கவா துப்பவா என்று நான் முழித்தபோது சொன்னார்: “நான் கொறச்சிட்டேன் சிஸ்டர். கொழாயிலதான் கூடுதலாப் போட்டு விடுதாங்க.”

மாத்திரை போடாத காரணம்

பிறகு ஆற்றுத் தண்ணீர்க் குழாய் வந்தது. பேச்சியம்மாளின் அழுத்தம் மட்டும் இறங்கவில்லை. மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தால் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. கோபத்தில் என் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதினேன். இப்படி எழுதிவிட்டால் நம் பொறுப்பு தீர்ந்துவிடும் என்பது உங்களுக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் யாரும் இல்லாதபோது அவரே காரணத்தைச் சொன்னார். நான் கொடுத்தது உடம்பிலிருந்து நீரைப் பிரிக்கிற மாத்திரை. போட்டால் அடிக்கடி போக வேண்டும். காலையில் ஆறரைக்குக் கிளம்பி இரண்டு பஸ் மாறிப் போகிறார், மத்தியானம் வரைக்கும் மூன்று வீட்டு வேலை, எந்த வீட்டிலும் கழிப்பறைப் பக்கம் விடுவதில்லை. முன்பு குடியிருந்த வீடு பக்கத்திலேயே இருந்ததால் ஓடிப் போய்விட்டு வந்துவிடுவாராம். இப்போது தண்ணீர்கூடக் குடிக்காமல் அடக்கிக்கொண்டு இருக்கிறார். மாத்திரை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தான். எழுதினதை அடித்துவிட்டு டாக்டரிடம் போய் நின்றேன். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற லெட்சுமியிடம் பேச்சியம்மாள் கதையைச் சொல்லி, இப்படியும் மனுஷர்கள் இருக்கிறார்களே என்று வருத்தப்பட்டேன். லெட்சுமி எங்கள் வீட்டுக்கு வந்து ஏழு வருஷம். அவள் சட்டியை இன்னும் அழுத்தித் தேய்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏன் லெட்சுமி, இங்கே நீ போவாய்தானே என்று கேட்டேன். சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “போகக் கூடாதுன்னு நீங்க சொன்னதில்லக்கா. போலாம்னும் சொன்னதில்ல.”

அதிகாரி ஏறிய படி

முத்தையா அண்ணாச்சி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினவர். சர்க்கரை நோயில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நடந்த வீட்டுக் குலுக்கலில் அவருக்கு விழுந்தது நாலாம் மாடி. நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் மேலே வைத்தார்கள். அதற்குப் பிறகு எட்டு மாதம் அவர் கீழே இறங்கவே இல்லை. இன்னொரு காலிலும் புண். வாரம் ஒரு தடவை நான் ஏறிப் போய்க் கட்டுப் போடுவேன். மற்ற நாளெல்லாம் அவர் மனைவி வேலம்மாள் பார்த்துக்கொள்வார். மாத்திரை, சாப்பாடு எல்லாம் வேலம்மாள் கையால் மணி தவறாமல் நடக்கும். ஆனால் மனிதர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். இந்த மாத்திரையை நிறுத்தினால் எத்தனை நாளில் முடியும் என்று ஒரு நாள் என்னிடம் கேட்டார்.

தரைத்தளத்தில் மாரியப்பன் என்று ஒரு ஆட்டோ ஓட்டுநர். எனக்கும் என் பெண்டாட்டிக்கும் ரெண்டு கால் இருக்கே, நாங்க மேல போயிருதோம், அண்ணாச்சி இங்கன இருக்கட்டும் என்று அவராகவே வந்து சொன்னார். ஆனால் குலுக்கலில் விழுந்ததை மாற்ற விதி இல்லை என்று வீடு ஒதுக்குகிற அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். மூன்று திங்கட்கிழமை மனுவோடு போய் நின்றேன். கடைசியில் அங்கிருந்த அதிகாரி, நல்ல பருமனான ஆள், நேரில் பார்த்து எழுதுகிறேன் என்று கிளம்பி வந்தார். இரண்டாம் மாடியில் ஒரு தடவையும் மூன்றாம் மாடியில் ஒரு தடவையும் நின்றார். மேலே வந்து பேச்சு வராமல், கிடந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, தண்ணீர் வேண்டுமென்று கையைக் காட்டினார். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அண்ணாச்சி அன்றைக்குத்தான் எங்கள் பக்கம் திரும்பினார்: “பைய மூச்சு விடுங்க சார். ஒண்ணும் அவசரமில்ல, நான் எட்டு மாசமா இங்கனதான் இருக்கேன்.”

கீழே வந்த பிறகு

உட்கார்ந்த இடத்திலேயே அதிகாரி எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து அண்ணாச்சியை இறக்கினார்கள். மாரியப்பன் நாற்காலியின் முன்கால் இரண்டையும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நாலு மாடியும் இறங்கினார். கீழே வந்ததும் அண்ணாச்சி வீட்டுக்குள் போகவில்லை, நேரே முடிவெட்டுகிற கடைக்கு விடச் சொன்னார். எட்டு மாதமாக அவருக்குச் சவரம் செய்துவிட்டவர் வேலம்மாள்தான், தாடையிலேயே அது தெரிந்தது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவரே, புதிதாகக் கிடைத்த கட்டைக் கால் ஊன்றி, சுகாதார நிலையத்துக்கு வந்து கட்டு மாற்றிக்கொண்டதில் புண் இரண்டு மாதத்தில் ஆறிவிட்டது. ஆனால் சர்க்கரை ஏறியது. விசாரித்தால், காலையில் டீக்கடை பெஞ்சில் பழைய மார்க்கெட் ஆட்களோடு உட்கார்ந்து டீயும் வடையும் நடக்கிறது. வீட்டுக்குப் போய், இன்னொரு காலும் போக வேண்டுமா என்று சத்தம் போட்டேன். அண்ணாச்சி ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்களாவது சொல்லுங்கள் என்று வேலம்மாள் பக்கம் திரும்பினேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்: “டீயில சீனிய நான் நிறுத்துதேன் சிஸ்டர், டீக்கடைய நிறுத்தாதிய. மேல இருந்தப்போ சுகர் சரியாத்தான் இருந்துச்சு, மனுசன்தான் சரியா இல்ல.”

ஆக, நான் படித்தது நர்ஸ் படிப்பு, பார்க்கிறது பாதி நாள் கொத்தனாரைத் தேடுகிற வேலை, மீதி நாள் மனு எழுதுகிற வேலை, நடுவில் நேரம் கிடைத்தால் ஊசியும் போடுகிறேன்.