கூறைச்சேலையில் தைத்த மண்பைகள்

"அம்மம்மான்ர கூறை துலைஞ்சதெண்டா, ஏன் ஒருத்தரும் தேடேல்ல?" என்று ஐந்து வயது மகள் கேட்கிறாள்.

நேற்று கனடாவில், மார்க்கம் நகரிலுள்ள எங்கள் வீட்டில், என் கல்யாணக் கூறைச்சேலையை விரித்தபோது எழுந்த பட்டு வாசத்தில், போரின் கடைசி மாதங்களில் வன்னியில் நாங்கள் ஒடுங்கியிருந்த பதுங்குகுழி திரும்பி வந்தது. அம்மா தன் சேலைகளைப் பைகளாகத் தைத்து, மண் நிரப்பி, சுற்றிவர அடுக்கினார். தன் கல்யாணக் கூறையைக் கடைசியாக வெட்டினார். "சரிகை உள்பக்கம் இருக்கட்டும், பிள்ளை பாக்கட்டும்" என்றார். ஷெல் விழ விழ, சிறுமியான நான் அந்தச் சரிகையைத் தடவிக்கொண்டிருப்பேன். பிறகு எல்லாவற்றையும் அங்கேயே விட்டு நடந்தோம். எனக்கு அழுகை வரவில்லை.

எங்களோடிருக்கும் அம்மா, பேத்தியிடம் "துலைஞ்சு போச்சு" என்றே சொல்கிறார். அவரை மீறி நான் உண்மையைச் சொல்லலாமா? நீங்கள் உங்கள் பிள்ளைகளுக்கு எந்த வயதில் சொன்னீர்கள்?