காதோடு சொன்ன சம்பளம்

ஆறாம் வகுப்பு வரை அப்பாவின் சம்பளம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு மட்டும் தெரியும். வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்பது, கப்பலூரில் அப்பா வேலை பார்த்த லேத் பட்டறையின் சட்டம். மாதக் கடைசியில் முதலாளி ஒவ்வொருவராகத் தன் அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, ஒட்டிய கவரைக் கொடுப்பார். வேலைக்குச் சேரும் அன்றே, அவர் மேசைமேல் இருந்த சாமி படத்தைத் தொட்டு, வாங்கும் சம்பளத்தை உடன் வேலை பார்ப்பவர்களிடம் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். பெண்டாட்டிக்குத் தெரியாமல் சினிமாவுக்குப் போன கதையையெல்லாம் கூச்சமில்லாமல் சொல்லிச் சிரிக்கிறவர்கள், சம்பளப் பேச்சு எடுத்தால் மட்டும் ஊமையாகிவிடுவார்கள்.

வில்லாபுரத்தில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் எதிர்வீட்டுக்காரருக்கும் அதே பட்டறைதான். சொந்தமில்லை, ஆனால் அப்பாவை அண்ணே என்று கூப்பிடுவார், அதனால் எனக்குச் சித்தப்பா. அவருக்கு லேத்தில் வேலை பழக்கியதே அப்பாதான். அப்பா பழக்கியது அவர் ஒருவரைத்தான். இருவரும் சேர்ந்தே சைக்கிளில் போவார்கள், சேர்ந்தே வருவார்கள். அவர் மகளும் நானும் ஒரே பெஞ்சு. அடுத்த மாதம் அவர்கள் வேறு தெருவுக்குக் குடிபோவதாக இருந்தது. அங்கே வீட்டுக்குள்ளேயே குழாய் உண்டு என்று அவள் ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லி என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம் ஏதோ உதவித்தொகைக்காகப் பள்ளிக்கூடத்தில் அப்பாவின் மாத வருமானத்தைக் கேட்டார்கள். அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். "முந்நூத்திப் பத்து. டீச்சர் காதுல மட்டும் சொல்லணும். வேற யார்ட்டயும் மூச்சு விடக் கூடாது" என்றார். காதில்தான் சொன்னேன். அடுத்து வந்த சித்தப்பா மகளும் காதில்தான் சொன்னாள். ஆனால் எங்கள் டீச்சருக்கு வாய்விட்டுச் சொன்னால்தான் கை எழுதும். முந்நூற்றுப் பத்து என்று சொல்லி எழுதினார். பிறகு முந்நூற்று எழுபத்தைந்து என்று சொல்லி எழுதினார். எழுதியதை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஒங்க ரெண்டு பேரு அப்பாவும் ஒரே கம்பெனிதானடி?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலை பழக்கியவருக்குக் குறைச்சல், பழகியவருக்குக் கூடவா? அவள் பொய்தான் சொல்லியிருக்கிறாள் என்று முடிவுகட்டி, வீடு வரும்வரை அவளோடு பேசவில்லை. சாயங்காலம் அப்பா சாப்பிட உட்கார்ந்ததும், அவள் புளுகிவிட்டாள் என்று கோள்மூட்டினேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அப்பாவின் கை அப்படியே நின்றது. அம்மா என் தொடையில் கிள்ளினாள். அதற்குள் எல்லாம் சொல்லி முடித்திருந்தேன்.

அப்பா கையைக் கழுவிவிட்டுச் சித்தப்பாவை வாசலுக்குக் கூப்பிட்டார். கேட்ட மாத்திரத்தில் சித்தப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. "நானாக் கேக்கலண்ணே. போன வருசம் மொதலாளியாத்தான் ஏத்திக் குடுத்தாரு. ஒங்கட்ட சொல்லிரலாம்னு எத்தனையோ தடவ வாயி வரைக்கும் வந்துச்சு. சத்தியம் பண்ணியிருக்கேன்ல" என்றார். அப்பா, "நான் மொதலாளிட்டக் கேக்கப் போறேன். ஒம் பேரு வராது" என்றார்.

சொன்னபடியே அப்பா பெயரைச் சொல்லவில்லை. எங்கிட்ட வேலை பழகினவருக்கே என்னைவிடக் கூட என்று கேள்விப்பட்டேன், அது நியாயமா என்று மட்டும்தான் கேட்டிருக்கிறார். பெயரைச் சொல்லாமல் ஆளை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது என்பது அப்பாவுக்கு உறைக்கவே இல்லை.

அன்றைக்கு அப்பா தனியாகச் சைக்கிளில் வந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னார். "நியாயம்தான்னாரு. ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் இருக்கணும்னாரு. எங்கண்ணு முன்னாடியே நோட்ட எடுத்து, அவனோடத அடிச்சிட்டு முந்நூத்திப் பத்துன்னு எழுதிட்டாரு." அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

எனக்கோ தாங்க முடியாத சந்தோஷம். இனி அவளுக்கும் எனக்கும் ஒன்றுதான். முற்றத்தைத் தாண்டி எதிர்வீட்டுக்கு ஓடினேன். சித்தப்பா இன்னும் வந்திருக்கவில்லை. சித்தி புது வீட்டுக்குக் கொண்டுபோகப் பித்தளைச் சாமான்களைப் பழைய சேலையில் கட்டிக்கொண்டிருந்தாள். "என்னடி, ஒங்கப்பாவுக்குக் கூட்டிட்டாகளா?" என்று சிரித்த முகமாகத்தான் கேட்டாள். நல்ல மனசு அவளுக்கு.

"இல்ல சித்தி. சித்தப்பாவுக்குக் கொறச்சுட்டாக. இப்ப ரெண்டு பேருக்கும் சமம்" என்றேன்.

சித்தி என்னைத் திட்டவில்லை. போட்ட முடிச்சை அவிழ்த்து, சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பவும் அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள். அவர்கள் குடிபோகவில்லை என்பதும் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. கூட மாட எடுத்துக் கொடுத்தேன்.

அதன் பிறகு அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே பட்டறைக்கு, ஒரே சாலையில், கால் மணி நேரம் முன்னும் பின்னுமாகப் போனார்கள். ஆயுதபூஜைக்கு முதலாளி காரில் எங்கள் காம்பவுண்டு வாசலுக்கே வந்து பொரியும் கடலையும் கொடுத்தார். இருவரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். எவ்வளவு நல்ல மனிதர் என்று நானும் நினைத்தேன். அந்தக் காட்சியை நினைத்து எனக்கு உடம்பெல்லாம் பதறியது பல வருடம் கழித்து, நானும் ஒரு வேலையில் சேர்ந்து, ஒட்டிய கவரைக் கையில் வாங்கிய அன்றைக்குத்தான்.