தேங்காயெண்ணெயில் ஒளியின் வேகம்

என் வீட்டுக்காரருக்கு ஒளியின்மேல் பைத்தியம். தம்போயில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சமையலறைக் கதவு முழுக்க அவருடைய சாக்கட்டிக் கணக்குதான். வெட்டவெளியில் ஒளி நொடிக்கு ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் மைல் ஓடுமாம். தண்ணீரில் அதில் முக்கால் பங்கு, கண்ணாடியில் மூன்றில் இரண்டு பங்கு, வைரத்தில் ஐந்தில் இரண்டு பங்குதான். ஒரு பொருளுக்குள் நுழையும்போது ஒளி எவ்வளவு வளைகிறதென்று அளந்தால் வேகத்தைக் கணக்குப் போட்டுவிடலாம் என்பார். கதவைத் தொடாமல் ரசம் வைக்க நான் பழகிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசகசாலையில் அவர் இதைப் பற்றிப் பேசுவதாக ஏற்பாடு. முதல் நாள் என்னை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தார். கண்ணாடித் தம்ளரில் தேங்காயெண்ணெயை ஊற்றி ஒரு கண்ணாடிக் குச்சியை இறக்கினார். மூழ்கிய பாகம் அநேகமாகக் காணாமல் போயிற்று.

"எண்ணெயிலயும் கண்ணாடியிலயும் ஒளிக்கு ஏறக்குறைய ஒரே வேகம். வளையாம நேராப் போயிடும், அதான் குச்சி தெரியல. வைரம்னா எண்ணெய்க்குள்ளயும் மின்னும்."

"அப்ப என் தோட்டைப் போட்டுப் பாக்கலாமா?" என்றேன். கல்யாணமான வருஷம் தங்காக் போய் அவர் வாங்கி வந்த வைரத்தோடு அது.

அவர் முகம் வெளுத்தது. "வேணாம். எண்ணெய் பட்டா வைரம் கெட்டுப்போயிரும்."

எண்ணெய் வழியும் தலையோடு தினமும் போட்டுக்கொண்டிருந்த தோடுதானே? கழற்றி உள்ளே போட்டேன். தங்கக் கட்டு மட்டும் தெரிந்தது. கல் இருந்த இடம் வெறும் ஓட்டை.

"கண்ணாடிதான். போட்டுக்கிட்டு நீ சிரிச்ச சிரிப்பைப் பாத்தப்புறம் சொல்ல வாய் வரல," என்றார்.

அவரைவிட என்மேல்தான் எனக்கு ஆத்திரம். கோயிலில் இந்தத் தோட்டைக் காட்டி எவ்வளவு பீற்றிக்கொண்டிருக்கிறேன். அதுவும் எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் பக்கத்து வீட்டுக் கிராணியின் மனைவியிடம். என் பீற்றல் தாங்காமல் அடுத்த மாதமே அவளும் ஒரு ஜோடி வைரத்தோடு போட்டுக்கொண்டு வந்தாள். விஷயம் அவள் காதுக்குப் போனால் நான் தெருவில் தலைகாட்ட முடியாது.

"நாளைக்குக் குச்சியை மட்டும் போடுங்க. தோட்டைப் பத்தி மூச்சு விடக்கூடாது," என்றேன்.

மறுநாள் குச்சி மறைந்தது, கூட்டம் கைதட்டியது. தலைமை வகித்தவர் ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெசர். அவர் அத்தோடு விடவில்லை. "வைரம் மறையாதுன்னீங்களே, அதையும் காட்டிடலாம்லா. வைரத்தோடு போட்டவங்க யாராச்சும் ஒண்ணு கழட்டிக் குடுங்கம்மா."

எல்லாத் தலைகளும் பெண்கள் பக்கம் திரும்பின. வைரத்தோடு என்று ஊரறிய இருந்தது எங்கள் இரண்டு பேருக்குத்தான். என் வீட்டுக்காரர் தம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எண்ணெய் பட்டா வைரம் கெட்டுப்போயிரும், ஐயா," என்றேன், காதைப் பொத்திக்கொண்டு.

என் குரலோடு இன்னொரு குரலும் கேட்டது. கிராணியின் மனைவி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு, வார்த்தை பிசகாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரரும் அவளிடம் அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும்.

மெதுவாகத் திரும்பி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அன்று முதல் நாங்கள் உயிர்த்தோழிகள். தோட்டைத் தவிர எல்லாவற்றையும் பேசினோம்.