ஒரு சக்கரத்துக்கு ஈடாக

அந்த வாரம் ஆங்கில டீச்சர் நடத்திய சொற்கள் எல்லாமே பயமுறுத்துகிறவை. டேஞ்சர் என்றால் ஆபத்து. ரிஸ்க் என்றால் ஆபத்து வரலாம் என்று தெரிந்தே இறங்குவது. பிளெட்ஜ் என்றால் ஒன்றை வாங்கிக்கொண்டு, ஈடாக இன்னொன்றை விட்டுவிட்டுப் போவது. விட்டவர் திரும்பி வராவிட்டால் அது வைத்திருப்பவருக்கே சொந்தம் என்று டீச்சர் சொன்னதும் நான்காம் வகுப்பே பென்சில் டப்பாக்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

எனக்கு அந்த வழக்கம் முன்பே தெரியும். அடிவாரத்துப் பஞ்சர் கடையில் ஜாக்கியோ சக்கரமோ இரவல் வாங்கும் எங்கள் மலைக்காரர்கள், ஒரு பலாப்பழத்தையோ மிளகு மூட்டையையோ இறக்கி வைத்துவிட்டுத்தான் வண்டியேறுவார்கள். கடைக்காரர் வேண்டாம் என்பார். இவர்கள் கேட்கமாட்டார்கள். அப்படி ஒரு ரோஷம்.

அந்தச் சனிக்கிழமை அப்பாவும் நானும் சேலத்தில் பேரிக்காய் விற்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அடிவாரம் வரும்போது கொட்டுகிற மழை. மலைமேல் எங்கள் ஊரான செம்மநத்தத்திலிருந்து அம்மா போன் செய்தாள். சித்திக்கு வலி எடுத்துவிட்டதாம், ஆம்புலன்ஸ் மேலே வரத் தயங்குகிறதாம். இன்று என்னைவிட உயரமாக நிற்கும் தம்பி அன்றுதான் பிறக்க அவசரப்பட்டான். அந்த நேரம் பார்த்து ஜீப்பின் பின்சக்கரம் காற்றிறங்கி உட்கார்ந்துவிட்டது. ஸ்டெப்னியும் முன்பே பஞ்சர்.

கடைக்காரர் தன்னிடமிருந்த சக்கரத்தை மாட்டிக் கொடுத்தார்.

"மேல கல்லு உருளுதுன்னு பஸ்ஸையே நிறுத்திட்டாங்க. மழை உடட்டுமேங்க" என்றார்.

"அங்க நொம்பத் துடிக்குதாமுங்க" என்றார் அப்பா.

எனக்கு அந்தப் பேச்செல்லாம் காதில் ஏறவில்லை. நான் ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஈடாக இறக்கி வைக்க உள்ளே ஒரு கூடைகூட மிச்சமில்லை. அப்பாவும் ஜீப்பைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். தூக்கிக் கொண்டுபோய்க் கடை பெஞ்சில் உட்கார வைத்தார்.

"புள்ள இங்கயே இருக்கட்டுங்க."

"தாராளமா இருக்கட்டுங்க" என்றார் கடைக்காரர்.

எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அப்பா என் முகத்தைப் பார்க்காமலே விரல்களைப் பிரித்துவிட்டுக் கிளம்பினார்.

கடைக்காரர் பன்னும் டீயும் வாங்கித் தந்தார். வீட்டுப் பிள்ளையாக்கிக்கொள்ளப் பார்க்கிறார் என்று தோன்றியது. பன்னைத் தொடவில்லை. டயர்களுக்கு நடுவே எங்கே படுக்கச் சொல்வாரோ என்று இடம் தேடினேன். ஒருவழியாகத் தைரியம் வந்து, "இங்க பள்ளிக்கூடம் இருக்குங்களா?" என்று கேட்டேன்.

"ஏங்கண்ணு, ரோட்டுக்கு அந்தப் பக்கமே இருக்குதே."

எல்லாம் முடிவாகிவிட்டது. அவரோ நிலைகொள்ளாமல் மழையில் இறங்கி மலைப்பாதையைப் பார்ப்பதும், திரும்பி வருகிற வண்டிக்காரர்களிடம் ஏதோ விசாரிப்பதுமாக இருந்தார். அப்பா வந்துவிடுவாரோ என்று கவலைப்படுகிறார் என்று நினைத்தேன். அந்த நல்ல மனிதரை அந்த மாலை முழுவதும் வெறுத்தேன்.

இருட்டத் தொடங்கியபோது ஜீப் ஒற்றை விளக்கோடு இறங்கி வந்தது. பின்னால் அம்மாவின் மடியில் சித்தி முனகிக்கொண்டிருந்தாள். முன்கண்ணாடியைக் காணோம். முன்னால், எப்போதும் நான் உட்காரும் இடத்தில், சோற்றுக் குண்டான் அளவுக்கு ஒரு கல். சீட்டெல்லாம் கண்ணாடித் தூள்.

கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஏறும்போதுங்களா?"

"ஆமாங்க." அப்பா இறங்கி என்னை நோக்கி வந்தார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. "என்னைய இங்க உட்டுட்டு, என் எடத்துல கல்ல வெச்சுக் கூட்டிட்டு வர்றீங்களா?" என்று அழுதேன்.

அப்பா மூச்சு முட்டும்படி என்னைத் தூக்கி இறுக்கிக்கொண்டார். அவர் கைகள் உதறிக்கொண்டே இருந்தன. மழையில் நனைந்த குளிர் என்று நினைத்துக்கொண்டேன். கோபமாக இருந்ததால் துண்டைக்கூட எடுத்துத் தரவில்லை.