செங்காட்டுப்புதூரில் பதினோரு டன்ஸ்டன்

டன்ஸ்டனுக்கு முப்பத்தெட்டு வயசு. சத்தியமங்கலத்துக்கும் காந்திபுரத்துக்கும் நடுவுல ஓடற தனியார் பஸ்ஸுல டிரைவர். நெத்தி நெறைய விபூதி, ஸ்டியரிங்குக்கு முன்னால கருப்பராயன் படம், சட்டையில டன்ஸ்டன்னு பேர் போட்ட பேட்ஜு. பார்க்கறவங்க சும்மா போவாங்களா? "எந்தச் சர்ச்சுங்க நீங்க?"ன்னு ஒரு நாளைக்கு ஒருத்தராச்சும் கேட்டுப்போடுவாங்க. சின்ன வயசுல சாதிச் சான்றிதழ் வாங்கப் போன எடத்துல, மதம் மாறிட்டீங்களான்னு கேட்டு மூணு தடவை திருப்பி அனுப்புனாங்க. அப்பன் காளிச்சாமி நாலாவது தடவையும் போய் நின்னு, இது சாமிக்கு வெச்ச பேரில்லீங்க, உசுருக்கு வெச்ச பேருங்கன்னு மல்லுக்கட்டித்தான் வாங்கிட்டு வந்தாரு.

உசுருக்குன்னா நெசமாவே உசுருக்குத்தான். காளிச்சாமிக்கு முதல்ல பொறந்த மூணும் தங்கல. ஒண்ணுகூட ஒரு வருசம் தாண்டல. மூணாவதுக்கு ஊர் சொன்னபடியெல்லாம் செஞ்சு பார்த்தாங்க. பக்கத்து ஊட்டுக்காரிக்குப் புள்ளையைத் தவிட்டுக்கு வித்து, மறுக்கா தவிட்டைக் குடுத்து வாங்கி, தவிட்டான்னு பேரு வெச்சாங்க. கேவலமான பேரா இருந்தா எமன் மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டுப் போயிருவான்னு ஒரு நம்பிக்கை. எமன் மூஞ்சியெல்லாம் சுளிக்கல. வந்து எடுத்துட்டுப் போயிட்டான்.

காளிச்சாமி அப்ப மலை மேல பழைய வெள்ளைக்காரன் எஸ்டேட்டுல காவலுக்கு இருந்தாரு. அங்க லாண்டனா பொதருக்குள்ள துரைக் குடும்பத்துக் கல்லறை ஒண்ணு இருந்துது. பாதிக்கு மேல மண்ணுக்குள்ள எறங்கிப் போன கல்லு. வெளிய தெரிஞ்ச மேல் வரியை மட்டும் எஸ்டேட் கிளார்க்கு ஒரு நா படிச்சுக் காட்டுனாரு. டன்ஸ்டன், துரை பையன், நாலு வயசுல போயிட்டான். அவ்வளவுதான். ஆனா காளிச்சாமி மனசுல அது வேற மாதிரி விழுந்துது. எமன் பேரைக் கேட்டுத்தான வாரான்? இந்தப் பேருக்கு அவன் ஒருக்கா வந்துட்டுப் போயிட்டான். வேலை முடிஞ்ச எடத்துக்கு எவனாச்சும் மறுக்கா வருவானா? நாலாவது பொறந்ததும் பையன் காதுல அந்தப் பேரையே சொல்லிப்போட்டாரு. செத்தவன் பேரை வெக்கறயேடா பாவின்னு ஒறம்பரையெல்லாம் வாய்ல அடிச்சுக்கிட்டாங்க. மனுசன் அசையல.

பையன் தங்கிட்டான். தங்குனது மட்டுமா? ஆறு வயசுல கட்டுவிரியன் கடிச்சுப் பொழைச்சான். பதினொண்ணுல கெணத்துல விழுந்து, துண்டைப் புழிஞ்சுக்கிட்டு மேல வந்தான். இருபத்தாறுல திம்பம் எறக்கத்துல லாரி கவுந்து, கிளீனருக்குக் கை போச்சு, இவனுக்குக் கீறல்கூட இல்ல. ஊரு பார்த்துக்கிட்டே இருந்துது. புள்ளை தங்காத ஊட்டுக்காரங்க ஒவ்வொருத்தரா வந்து வாசல்ல நிக்க ஆரம்பிச்சாங்க. "ஏனுங்க, அந்தப் பேரை எங்க பையனுக்கும் குடுக்கறீங்களா?"

அதுக்கு ஒரு மொறையும் தானா உண்டாயிப்போச்சு. மத்த புள்ளைகளுக்கு அத்தைக்காரி காதுல பேரு சொல்லுவா. இந்தப் பேரை மட்டும் டன்ஸ்டன்தான் சொல்லோணும். காலைலிருந்து பச்சைத் தண்ணி குடிக்காம வந்து, வலது காதுல மூணு தடவை மெதுவா, அப்புறம் எந்திரிச்சு நின்னு சபைக்குக் கேக்கற மாதிரி ஒரு தடவை. ஏற்கெனவே பேரு வாங்குன புள்ளைகளையும் கூட்டிட்டு வந்து சுத்தி உக்கார வெக்கோணும். இப்படியே பத்து வருசத்துல அக்கம்பக்கம் சேர்த்துப் பதினோரு டன்ஸ்டன். பள்ளிக்கூடத்து டீச்சர் பாவம், ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர்னுதான் அட்டெண்டன்ஸ் எடுத்தாங்க.

போன வருசம் நஞ்சம்மாள் மகன், ஏழாம் நம்பர் டன்ஸ்டன், வாய்க்காத்தண்ணில போயிட்டான். ஏழு வயசு. ஊரே ஒடுங்கிப்போச்சு. மூணு நாள்ல ஊரே ஒரு காரணத்தையும் கண்டுபிடிச்சுது. அவனுக்குப் பேரு வெச்ச சடங்கன்னைக்கு டன்ஸ்டன் வாரதுக்கு நேரமாயிருச்சு, காத்திருக்காம பையனோட அத்தையே காதுல சொல்லிப்போட்டா, அதான் இப்படி ஆச்சுன்னு. நஞ்சம்மாளே அதை நம்புனா. டன்ஸ்டன் மட்டும் நம்பல. அன்னைலிருந்து வாய்க்காப் பாலத்துல பஸ்ஸை ஏத்தும்போதெல்லாம் தண்ணிப் பக்கம் பார்க்காமலே ஓட்டுவான். ஏன்னு யாருகிட்டயும் சொல்லல.

இதுக்கு நடுவுல அவன் ஊட்டுலயும் ஒரு துக்கம். நேரங்கழிச்சுக் கல்யாணமாகி, பொஞ்சாதி இளவேனிலுக்கு முதல்ல பொறந்தது எட்டாம் நாள் போயிருச்சு. பேரு வெக்கறதுக்கு முன்னாலயே. இந்த வைகாசில ரெண்டாவது, ஆம்பளைப் புள்ளை. இவனுக்கும் டன்ஸ்டன்தான்னு இளவேனில் பெத்து எந்திரிச்ச அன்னைக்கே முடிவு பண்ணிட்டா. அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பேரான்னு ஊர்ல சிரிச்சாங்க. புருசன் பேரைச் சொல்லாத பொம்பளை மகனை எப்படிக் கூப்பிடுவாளாம்னு கேட்டதுக்கு, கண்ணுன்னு கூப்பிட்டுக்கறேன், அவன் உசுரோட இருந்தாப் போதும்னா. ஊருக்கெல்லாம் குடுத்த பேரை நம்ம புள்ளைக்குக் குடுக்காம யாருக்குங்க குடுக்கப் போறீங்கன்னு அவ கேட்டா. முப்பதாம் நாள் சடங்குன்னு நாள் குறிச்சாச்சு.

சடங்குக்குப் பத்து நாள் இருக்கையில பஸ்ஸுல ஏறுனவருதான் கிருபாசங்கர். கோயமுத்தூர்ல காலேஜுல இங்கிலீஷ் நடத்தறவரு. பேட்ஜைப் பார்த்துட்டு எறங்கவே மாட்டேன்னுட்டாரு. பதினோரு பேருக்கு வெச்சிருக்கோம்னு கேட்டதும் மனுசனுக்குக் கண்ணு விரிஞ்சுபோச்சு. ஆயிரம் வருசத்துக்கு முந்துன பேருங்க இது, அந்த நாட்டுலயே இப்பத் தேடித்தான் புடிக்கோணும்னாரு. கருங்கல்லுன்னு அர்த்தம் சொல்லுவாங்களாம். அந்தப் பேருல ஒரு சாமியார் இருந்தாராம், பட்டறையில இரும்பு அடிக்கறவராம், வம்புக்கு வந்த சாத்தானை நெருப்புல காஞ்ச குறடால மூக்கைப் புடிச்சு இழுத்தாருன்னு கதையாம். டன்ஸ்டனுக்குப் பெரும் சந்தோசம். எமனைத் தொரத்தற பேருதான் அப்ப, அப்பன் தெரியாமலே சரியாத்தான் வெச்சிருக்காருன்னு நெனைச்சான். அந்தக் கல்லைக் காட்டறேன் வாங்கன்னு அவனேதான் கூப்பிட்டான். கூப்பிட்டிருக்க வேண்டாம்.

எஸ்டேட்டு இப்ப வெறுங்காடு. யானை லத்தியைத் தாண்டித் தாண்டிப் போனாங்க. கல்லு இருந்துது, சித்தெ சாஞ்சு. கிருபாசங்கர் மண்டி போட்டுப் பாசியைச் சொரண்டுனாரு. அடியில இன்னும் எழுத்து இருக்குங்கன்னு சொல்லி, குச்சியால மண்ணைத் தோண்டுனாரு. டன்ஸ்டனும் சேர்ந்து கையால மண்ணை அள்ளுனான். முழங்கை ஆழம் போனப்ப அவரு நிறுத்திட்டு வாய்க்குள்ளயே படிச்சாரு.

"என்னங்க எழுதியிருக்குது?"

"மேல இருக்கறது நாலு வயசுப் பையன். கீழ இன்னொரு டன்ஸ்டன், ரெண்டு வயசு. அதுக்கும் கீழ ஒண்ணு, பதினோரு மாசம். மூணும் அண்ணந்தம்பிங்க."

அந்தக் காலத்துல அங்க அது வழக்கம்தான், ஒரு புள்ளை போனா அடுத்ததுக்கு அதே பேரை வெப்பாங்கன்னு அவரு பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே போட்டோ எடுத்தாரு. அவருக்கு அது ஒரு தகவல். டன்ஸ்டனுக்குக் காதுல எதுவும் ஏறல. ஒருக்கா வந்துட்டுப் போயிட்டான்னுதான அப்பன் சொன்னாரு? அந்தப் பேரைக் கேட்டு எமன் மூணு தடவை வந்திருக்கான். ஒரே ஊட்டுக்கு. அவனுக்கு வழி பழகிப்போச்சு.

இதை எங்கூர்ல மட்டும் சொல்லிப்போடாதீங்க சார்னு அவன் கையெடுத்துக் கும்பிட்டான். அவரும் மிரண்டு போய்ச் சரின்னாரு. தோண்டுன மண்ணையெல்லாம் மறுபடி தள்ளி, மிதிச்சு மூடிட்டுத்தான் மலையை விட்டு எறங்குனான்.

ஊட்டுக்கு வந்து மெதுவாப் பேச்செடுத்தான். எழில்னு வெப்பமா அம்மணி, நல்லா இருக்குதேன்னான். இளவேனில் புள்ளையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அழுதா. எட்டாம் நாள் பறிகுடுத்தவகிட்ட எப்படிங்க கல்லைப் பத்திச் சொல்றது? சரி, சரி, உன்ற இஷ்டம்னு விட்டுட்டான். வெள்ளைக்காரன் கல்லுக்கும் நமக்கும் என்ன, நான் முப்பத்தெட்டு வருசமா உசுரோட இருக்கறேனேன்னு தனக்குத் தானே சொல்லிப் பார்த்தான். அப்புறம் நஞ்சம்மாள் மகன் ஞாபகம் வரும். போட்ட சோத்தை வெச்சுட்டு எந்திரிச்சுருவான்.

முப்பதாம் நாள் வாசல்ல சாமியானா போட்டு ஊரே உக்காந்திருந்துது. மொறைப்படி மிச்சமிருந்த பத்து டன்ஸ்டனும் சட்டை மாத்தி, பவுடர் பூசி, அவங்கவங்க அம்மாக்காரியோட முன் வரிசையில இருந்தாங்க. கடைசியாப் பேரு வாங்குனது மேக்னாவோட மகன். ரெண்டு புள்ளையைக் குழியில வெச்சுட்டு மூணாவதைப் பெத்தவ அவ. பையனுக்கு ரெண்டு வயசு, இடுப்புலயே ஒட்டிக்கிட்டு இருந்தான்.

டன்ஸ்டன் புள்ளையை மடியில வாங்குனான். பால் வாசம் அடிச்சுது. சொல்லிரலாம்னுதான் குனிஞ்சான். வலது காதுகிட்ட வாயைக் கொண்டு போனதும், தன் பேரைத் தானே முழுங்கிக்கிட்டான். இந்தப் புள்ளை போயிட்டா நான் என்ன பண்ணுவேங்கறது ஒண்ணுதான் அப்ப அவனுக்குத் தெரிஞ்சுது. எழில், எழில், எழில்னு சொல்லிப்போட்டான். காதுல சொன்னது யாருக்கும் கேக்கல. சபைக்குச் சொல்றப்பவாச்சும் பழைய பேரைச் சொல்லிச் சமாளிச்சிருக்கலாம். எந்திரிச்சு நின்னான். பொய்யாக்கூட அந்தப் பேரை அந்தப் புள்ளை மேல வெக்க அவனுக்கு வாய் வரல.

"எழில்," அப்படின்னான்.

கொட்டு அடிக்கறவங்க அடிக்காம நின்னுட்டாங்க. இளவேனில் அவனையே பார்த்தா. கோவம் இல்ல, அந்த மூஞ்சியில பயம்தான் இருந்துது. ஊருக்கெல்லாம் அந்தப் பேரைக் குடுத்தவன் தன் புள்ளைக்குக் குடுக்க மாட்டேங்கறான்னா என்ன அர்த்தம்னு முன் வரிசையில ஒவ்வொருத்தரா வெளங்கிக்கிட்டாங்க. டன்ஸ்டனுக்கும் அப்பத்தான் வெளங்குச்சு. பத்து நாளா தன் ஒரு புள்ளையை மட்டுமே நெனைச்சுக்கிட்டு இருந்துட்டான்.

மேக்னாதான் முதல்ல எந்திரிச்சு வந்தா. சத்தம் போடல.

"அண்ணா, உங்களுக்கு என்னமோ தெரிஞ்சிருக்குது. எங்களுக்குச் சொல்லலீங்க நீங்க."

அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அவ பையனை இன்னொரு இடுப்புக்கு மாத்திக்கிட்டு அங்கயே நின்னா.

"இனி இவனை நான் என்னன்னுங்கண்ணா கூப்பிடறது?"

பொடுசுகளுக்கு ஒண்ணும் புரியல, சாமியானாவை விட்டு எந்திரிச்சு வெள்ளாமைக் காட்டுப் பக்கமா ஓடிப்புடிச்சு வெளையாடப் போயிருச்சுக. இலை போட்டாச்சு, சாப்பிட வாங்கன்னு யாரோ சொன்னாங்க. யாரும் உக்காரல. அம்மாக்காரிங்க ஒவ்வொருத்தரா எந்திரிச்சு வேலியோரம் போனாங்க. எப்பவும் அந்த எடத்துல நின்னு ஊருக்கே கேக்கற மாதிரிப் பேரைக் கத்திக் கூப்பிடறவங்கதான். அன்னைக்கு ஒருத்தியும் வாயைத் தொறக்கல. காட்டுக்குள்ள எறங்கி, அவங்கவங்க பையனைத் தேடிக் கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனாங்க.